வாலுக்குள் இருப்பவன்

ஜனவரி 20, திங்கள்

குயில் காரை மூடிவிட்டார்கள். பதினாறு வருஷமாக நான் கதவு மாட்டிய கார். ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரையும் பெயின்ட் ஷாப்புக்கு முன்னால் நிறுத்தி முதலாளியே மைக்கைப் பிடித்தார். "இனிமே நம்ம வைரம் மோட்டார்ஸ் ஆகாயத்துல போகப்போகுது" என்றார். ஆறு பேர் உட்காரும் சின்ன ஜெட் விமானமாம். பணக்காரர்கள் கார் வாங்குவதுபோல் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்களாம். பெயர் சிட்டு. "கார் செய்யத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா? காருக்கு நாலு சக்கரம், இதுக்கு மூணுதான்" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். ஆபீஸ்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பலராமன் அவர்களைவிடச் சத்தமாகத் தட்டினான். வேலை போகப்போகிறது என்பதுகூடப் புரியாமல் கை தட்டுகிற ஜென்மம்.

பலராமன் என் சகலை. என் மனைவி கோமளாவின் தங்கை புனிதாவைக் கட்டியவன். வாலாஜாபாத்தில் ஒரே வீட்டில் நானும் கோமளாவும் மகளும் கீழே, அவர்கள் மாடியில். அவனை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். அதை நான் சொல்லிக்காட்டுவது கிடையாது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜனவரி 22, புதன்

எச்.ஆர். நிரஞ்சன் வந்து விஷயத்தை உடைத்துவிட்டான். ஜெட் ஷெட்டில் கொஞ்சம் பேருக்குத்தான் இடம். மற்றவர்களுக்கு விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்று ஒருவனும் கேட்கவில்லை.

கோமளாவிடம் சொன்னேன். "நாப்பத்தி நாலு வயசுல வேற எவன் உங்களுக்கு வேலை குடுப்பான்?" என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை பேச இந்தப் பெண்பிள்ளைக்கு வராது. தோசைக்கல் ஒட்டுகிறது, புதுசு வாங்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ஜனவரி 27, திங்கள்

இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. கேன்டீன் வாசலில் ஒரு இரும்புப் பலகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை. விமானத்தின் வால் பகுதியின் அடியில் இதே அளவுக்கு ஒரு திறப்பு இருக்கிறதாம். அதன் வழியாக உள்ளே ஊர்ந்து போய்த்தான் வேலை பார்க்க வேண்டுமாம். திறப்பைப் பெரிதாக்கினால் விமானத்தின் பலம் போய்விடுமாம். அதனால் இந்த ஓட்டைக்குள் நுழைகிறவனுக்கு வேலை. நுழையாதவனுக்கு ஓய்வு. பிப்ரவரி கடைசியில் பரீட்சை. ஓட்டையின் நீள அகலத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். பாடி ஷாப் தடியன்கள் ஒருத்தன் தொப்பையை ஒருத்தன் தட்டிக் கிண்டலடித்தார்கள். சாப்பாட்டு வேளையில் பார்த்தால் பாதிப் பேர் தட்டில் சோறே இல்லை.

இன்னொரு சட்டமும் போட்டிருக்கிறான் நிரஞ்சன். ஒரு வீட்டு விலாசத்துக்கு ஒரு ஆள்தான். இரண்டு பேர் தேறினால் வயது குறைந்தவனுக்கு இடம். எல்லாக் குடும்பத்துக்கும் நியாயம் செய்கிறானாம். எனக்கும் பலராமனுக்கும் ஒரே விலாசம். அவனுக்கு முப்பத்தைந்து.

நான் ஒல்லி. அவன் ஆறடி, வாசலில் நுழைந்தால் தோள் இரண்டும் நிலையில் இடிக்கும். அதனால் எனக்குக் கவலை இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

பலராமன் கீழே வந்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். "அண்ணே, நான் அந்த ஓட்டைல போகல. நீங்க போங்க. எனக்கு வயசு இருக்குது, எங்கனா பூந்துக்குவேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. நான் வாங்கிக் கொடுத்த வேலையை எனக்கே தானம் பண்ண வந்துவிட்டார் துரை! "எனக்கு நீ விட்டுக்குடுக்கணுமா? பிச்சையாடா போடற? புனிதா முழுகாம இருக்கா. ஒழுங்கா நீயும் பட்டினி கெடந்து பழகு. யாருக்குக் கெடைக்குதோ கெடைக்கட்டும்" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்க பெரிய மனுஷன்ணே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

கோமளா கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரா விட்டுக்குடுத்தாரு, வாங்கிக்க வேண்டியதுதானே?" என்றாள். மானம் மரியாதை என்று ஒன்று இருப்பது இவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 1, சனி

ஊரே பைத்தியமாகிவிட்டது. ராஜவீதியில் ஆசாரி கடையில் எங்கள் கம்பெனி ஆட்கள் க்யூவில் நிற்கிறார்கள், பிளைவுட்டில் அதே அளவு ஓட்டை போட்டு வீட்டில் வைத்துப் பழகுவதற்கு. பலராமனும் ஒன்று வேண்டும் என்றான். "நீ இன்னாத்துக்கு அலையற, நானே பண்ணிகினு வரேன்" என்று நானே போனேன். வீட்டுக்கு மூத்தவன் செய்ய வேண்டிய காரியம்.

டேப் எடுத்துப்போக மறந்துவிட்டேன். ஆசாரி அளவு கேட்டான். கையால் ஜாண் போட்டுக் காட்டினேன். "இவ்ளோ அகலமா? மத்தவங்க கம்மியா சொன்னாங்களே" என்றான். "நான் சொல்றத வெட்டுய்யா" என்றேன். ரம்பம் போடும்போது மரம் கொஞ்சம் தின்னும், கொஞ்சம் விடும். முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். இதெல்லாம் ஒரு விஷயமா.

பலகையை முற்றத்தில் சாய்த்து வைத்தோம். நான் அதில் பழகவில்லை. பெண்பிள்ளைகள் முன்னால் எனக்குக் கூச்சம்.

பிப்ரவரி 5, புதன்

ஆட்கள் முண்டியடிக்கிறார்கள் என்று கேன்டீன் பலகையை எடுத்து ஆபீஸில் பூட்டிவிட்டார்கள். நான் நேற்றே அதில் நுழைந்து பார்த்துவிட்டேன். சட்டைகூடக் கசங்கவில்லை. பலராமன் பார்க்கவில்லை. அவனுக்குத்தான் வீட்டிலேயே பலகை இருக்கிறதே.

பிப்ரவரி 12, புதன்

பலராமன் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி வெள்ளரிக்காய். விடிவதற்குள் எழுந்து பாலாற்றுப் பாலம் வரை ஓடுகிறான். கன்னம் ஒட்டிப்போய் கண் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. இவ்வளவு சீக்கிரம் இளைப்பான் என்று நான் நினைக்கவில்லை. புனிதாவைக் கூப்பிட்டு, "பட்டினி கெடந்தா கிட்னி கெட்டுடும்மா. பெயின்ட் ஷாப்ல ஒருத்தன் அப்படித்தான் மயங்கி உழுந்தான்" என்று நல்லதைச் சொன்னேன். அவள் அழுதாள். சொல்ல வேண்டியது என் கடமை.

தோசைக்கல் வாங்கியாயிற்று.

பிப்ரவரி 19, புதன்

மாலையில் முற்றத்தில் ஒரே ஆரவாரம். ஓடிப் போய்ப் பார்த்தால் பலராமன் பலகையின் அந்தப் பக்கம் தரையில் கிடந்து சிரிக்கிறான். நுழைந்துவிட்டானாம். திரும்ப ஒரு தடவை, எனக்காக நுழைந்து காட்டினான். தோள், இடுப்பு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. புனிதா கை தட்டினாள். கோமளா மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ரெண்டு பேரும் தேறிட்டா நான் நிரஞ்சன் சார் கால்ல உழுந்தாவது உங்களையும் உள்ள இட்டுகினு போவேன்ணே" என்றான். என்னை இவன் இட்டுக்கொண்டு போவானாம்.

சந்தோஷம் வந்தால் சாப்பிட்டுத்தான் கொண்டாட வேண்டும். காஞ்சிபுரம் ரோட்டுக் கடையில் பிரியாணி வாங்கி வந்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவன் முதல் வாய்க்குப் பிறகு பேசவே இல்லை. பாவம், எத்தனை நாள் பசியோ. இன்னும் ஒரு பொட்டலம் அவன் பக்கம் தள்ளினேன். "அதான் பூந்துட்டியேடா, இனிமே இன்னா பயம்?" என்றேன். கோமளா தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு யாராவது பலகாரம் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். நானும் தினம் ஏதாவது வாங்கிப் போகிறேன். நேற்று பால்கோவா, இன்று பரோட்டாவும் கறியும். புனிதாவுக்கு வாய் கசக்கிறதாம். எல்லாம் பலராமன் வயிற்றுக்குத்தான் போகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 28, வெள்ளி

பரீட்சை. இரும்புப் பலகையை ஷெட்டின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் பனியன், பேன்ட்டோடு வரிசை. சிலர் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தார்கள். ஷெட்டே தலைக்குக் குளிக்கிற வீடு மாதிரி மணத்தது.

நான் போய்த் திரும்பி வந்தேன். நிரஞ்சன் "சூப்பர்" என்றான்.

பலராமன் முறை வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுத் தலையை நுழைத்தான். ஒரு கை போயிற்று, தலை போயிற்று, தோள் மாட்டிக்கொண்டது. "உட்டுப் புடி, மூச்ச உடு" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவன் மூச்சை விட்டு முக்கி ஒரு தள்ளுத் தள்ளினான். தோள் போய்விட்டது, இடுப்பு மாட்டிக்கொண்டது. இப்போது முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. யாரோ போனில் படம் பிடித்தான். இன்னொருவன், "பிரசவ ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்கப்பா" என்றான். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

கடைசியில் எண்ணெய் ஊற்றிக் காலைப் பிடித்து நாலு பேர் பின்னால் இழுத்தார்கள். பனியன் கிழிந்து, விலாவில் இரண்டு பக்கமும் தோல் உரிந்து ரத்தம். எழுந்து நின்று, "வீட்ல போச்சுண்ணே. வீட்ல நல்லா போச்சுண்ணே" என்று என்னிடமே திரும்பத் திரும்பச் சொன்னான். "பயத்துல ஒடம்பு உப்பிடும்டா" என்றேன். அப்படி உப்பும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 1, சனி

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கோமளா பாயசம் வைக்கவில்லை. சொல்லியும் வைக்கவில்லை.

மார்ச் 8, சனி

விருப்ப ஓய்வுப் படிவத்தை நானே வாங்கி வந்து மாடியில் கொடுத்தேன். "இவ்ளோ அவமானப்பட்ட எடத்துல இன்னும் இன்னாத்துக்குடா நிக்கணும்? கையெழுத்துப் போட்டுட்டுத் தலை நிமிந்து வெளிய வா" என்றேன். அவன் பேனாவை எடுத்துவிட்டான். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடக்கிறான். அந்த வீடியோ எல்லாருடைய போனிலும் ஓடுகிறது.

புனிதா குறுக்கே வந்து படிவத்தைப் பிடுங்கினாள். "அவங்களா தொரத்தட்டும் மாமா, இவரா எதுக்குப் போவணும்?" என்றாள். சின்னப் பெண் என்று பார்த்தால் வாய் நீளம்.

மார்ச் 11, செவ்வாய்

முற்றத்துப் பலகையை அடுப்புக்கு உடைத்துவிடலாம் என்று கோடாலியை எடுத்தேன். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே. புனிதா மாடிப்படியில் இறங்கி வந்து, "உடைக்காதீங்க மாமா, துணி வெட்ட பலகை ஆவும்" என்றாள். அவள் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும்.

அந்த டேப்பை எடுத்து ஓட்டையின் குறுக்கே வைத்தாள். பிறகு நெடுக்கே. "கம்பெனி ஓட்டை எவ்ளோ அகலம் மாமா?" என்றாள். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்றேன். "அவருக்கு ஞாபகம் இருக்குது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். பலகையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. தையல்காரிகளுக்கு எதைக் கண்டாலும் அளந்து பார்க்கும் பழக்கம்.

மார்ச் 12, புதன்

மாடியில் சத்தமே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

கோமளா என்னிடம் நேராகவே கேட்டாள். "அந்த ஆசாரிகிட்ட நீங்க இன்னா அளவு சொன்னீங்க?"

"வெட்டினது அவன், என்னைக் கேட்டா?"

"என் தங்கச்சி என்கிட்ட பேசமாட்டேங்குறா. மசக்கைக்காரி, ஒரு வாய் ரசம் குடுத்தா வாங்கமாட்டேங்குறா. நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு அவ வாசல்ல நிப்பேன்?" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். இவர்களுக்கெல்லாம் சோறு வருவது என் வேலையால்.

ஏப்ரல் 7, திங்கள்

ஜெட் ஷெட் திறந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சைப்பழம் வைத்து, கார் விடுவதுபோலவே எல்லாம். வாலுக்குள் முதல்முறையாகப் போனேன். குனிந்து உட்காரத்தான் இடம். நான்கு பக்கமும் அலுமினியம். மோப்பம் பிடித்தால் புது பாத்திர வாசனை. பெருமையாக இருந்தது.

சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். சுமித்ரா மேடம். விமானக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களை வரிசையாகப் பார்த்தார். எல்லோரும் ஒல்லிப்பிச்சான்கள். "ஏனப்பா, ஊர்ல பஞ்சமா?" என்றார். நிரஞ்சன் இரும்புப் பலகைப் பரீட்சையைப் பெருமையாகச் சொன்னான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, உள்ளே போறவங்களை எடுத்தாச்சு. வெளியே கன் பிடிக்கிறவங்க எங்கே?" என்று கேட்டார்.

கார் பாடிக்கு வெல்டிங் ரோபோ. ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு ஆள். அதுதான் எங்களுக்குத் தெரிந்த தொழில். விமானத்துக்கு வெல்டிங்கே கிடையாதாம். எல்லாம் ரிவெட் ஆணி. வெளியே ஒருவன் கன் என்கிற காற்றுச் சுத்தியலை வைத்து ஆணித் தலையில் அடிப்பான். உள்ளே இருக்கிறவன் டாலி என்கிற இரும்புக் கட்டியை ஆணியின் மறுமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடியில் முனை நசுங்கி இறுகிக்கொள்ளும். ஆணி ஒன்றானாலும் ஆள் இரண்டு.

"கன் பிடிக்கிறதுதான் வித்தை. அதுக்குத் தோள் வேணும், திடம் வேணும். உள்ளே பிடிக்கிறது ஹெல்பர் வேலை" என்றார். ஹெல்பர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பதினாறு வருஷம் கதவு மாட்டினவன் நான்.

ஏப்ரல் 9, புதன்

ஓய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மிச்சம் இருந்த தடியன்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்கள். போட்டவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார்கள். விலாசச் சட்டத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், அதனால் பலராமனும் உள்ளே வந்தான். மேடம் அவன் தோளைத் தட்டிப் பார்த்து, "இந்த மாதிரி ஆளைத்தானா வேண்டாம்னு சொன்னீங்க?" என்று நிரஞ்சனைத் திட்டினார். பலராமனுக்கு என்னைவிட ஒரு கிரேடு மேலே.

எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதினால் பொய்யில்லை. ஆனாலும் சொந்தக்காரன் நன்றாக இருந்தால் சந்தோஷம்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

ஒரு விலாசத்துக்கு ஒரு ஆள் என்ற சட்டத்தை மேடம் கிழித்துப் போட்டுவிட்டார். "கன் ஆளும் டாலி ஆளும் ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்பணும். உள்ளே இருக்கிறவன் தகட்டுல ஒரு தட்டுத் தட்டினா ரெடின்னு அர்த்தம். அந்தத் தட்டு கேக்காம கன் அடிச்சா கை போயிடும். அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை இருந்தா சொல்லுங்க, அவங்கதான் நல்ல ஜோடி" என்றார். கன் ஆட்களையே தங்கள் ஜோடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

பலராமன் யோசிக்கவே இல்லை. என்னைக் காட்டி, "எங்க அண்ணன்தான் வேணும் மேடம்" என்றான்.

நல்ல மனசு. ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவன், கடைசியில் சொந்தம் என்றுதானே வந்தான்? கோமளாவிடம் சொன்னேன். "வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்டால் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

மே 6, செவ்வாய்

வாலுக்குள் கன் சத்தம் கேட்டால் பல் கூசுகிறது. காதில் பஞ்சு, மேலே அடைப்பான், அப்படியும் ராத்திரி தலைக்குள் யாரோ தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது. பலராமன் நன்றாக அடிக்கிறான். ஒரு ஆணி வீண் இல்லை. மேடம் மற்ற ஜோடிகளைக் கூட்டி வந்து எங்களைக் காட்டினார்.

மே 14, புதன்

நான் தட்டுவதற்கு முன்னாலேயே ஒரு அடி விழுந்தது. டாலி இன்னும் சரியாக உட்காரவில்லை. கை எகிறி முழங்கை நெஞ்சில் இடித்தது. திறப்பின் வழியாகப் பலராமன் எட்டிப் பார்த்தான். "தட்டினா மாரி கேட்டுச்சுண்ணே" என்றான். சத்தத்தில் அப்படித்தான் கேட்கும். புதுத் தொழில்.

மே 15, வியாழன்

இன்றும்.

மே 22, வியாழன்

எப்போது வரும் என்று தெரியாது. காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடக்கும். நான் தட்டுவேன், அவன் அடிப்பான். நூறு ஆணி போகும். கொஞ்சம் அசந்து விரலைச் சரிசெய்யும்போது டமார் என்று ஒன்று. அது ஆணியில் விழுவதே இல்லை, பக்கத்தில் வெறும் தகட்டில் லேசாக விழும். தகட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. எனக்குத்தான் உயிர் போய் வரும். அவ்வளவு பதமாக அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் வருகிறோம். எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு அவன் நிற்கிறான். பார்க்கிறவர்கள் சகலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

கட்டைவிரல். நகம் கறுத்துப் பிளந்துவிட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியில் மூன்று தையல். பலராமன்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். "எல்லாம் என் தப்பு சிஸ்டர், தட்டுறது கேக்கலை" என்று கண்ணில் தண்ணீர் விட்டான். நர்ஸ் அவனுக்குத்தான் ஆறுதல் சொன்னாள். இடது கையால் எழுதுகிறேன்.

ஜூன் 4, புதன்

கோமளா விரலின் கட்டுத் துணியை மாற்றிவிட்டாள். "வேலைய உட்டுடுங்க" என்றாள். ஓய்வுப் படிவத்துக்குக் கெடு மார்ச்சோடு முடிந்தது. இப்போது விட்டால் வெறுங்கையோடு போக வேண்டும். மகளுக்குப் பன்னிரண்டாவது ஆரம்பம். எனக்கு அழுகையாக வந்தது, குளிக்கிற அறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

புனிதாவுக்கு வளைகாப்பு. கோமளாவை மட்டும் கூப்பிட்டார்கள். நான் கீழேயே இருந்தேன். மாடியில் வளையல் சத்தமும் சிரிப்பும். பலராமன் தட்டில் ஐந்து வகைச் சோறும் வைத்து இறங்கி வந்தான். "சாப்புடுங்கண்ணே. கைல காயம், ஊட்டி உடட்டுமா?" என்றான். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

என் முன்னாலேயே உட்கார்ந்தான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. "ஏன்டா இப்படிப் பண்ற?" என்று கேட்டுவிட்டேன். "எப்படிப் பண்றேன்?" என்றான். நான் கையைக் கழுவினேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனான்.

ஜூன் 20, வெள்ளி

தாங்க முடியாது என்று மேடத்திடம் போனேன். ஜோடியை மாற்றிக் கொடுங்கள் என்றேன். மேடத்துக்கு நம்பவே முடியவில்லை. "இந்த ஷெட்லயே நல்ல ஜோடி நீங்கதான். ஏன் மாத்தணும்?" என்றார். கை வலிக்கிறது என்றேன். "கை யாரோடு பிடிச்சாலும் வலிக்கும். பலராமன் மேலே ஏதாவது புகார் இருந்தா சொல்லுங்க. வேணும்னே அடிக்கிறான்னு சொன்னா இன்னிக்கே அவனை வெளியே அனுப்பறேன். ஆனா ஏன் அடிக்கிறான்னு எனக்குக் காரணம் தெரியணும். காரணம் இல்லாம ஒருத்தன் சோத்துல நான் மண் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவனையும் கூப்பிட்டு அனுப்பினார். நிரஞ்சனும் வந்து நின்றான். மற்ற ஜோடிகளும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

பலராமன் கையைக் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றான். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"சொல்லுங்கண்ணே. நான் வேணும்னு அடிக்கிறேன்னு சொல்லுங்க. எதுக்கு அடிக்கிறேன்னும் மேடத்துகிட்ட சொல்லுங்க. நீங்க எனக்கு வேலை வாங்கிக் குடுத்தவரு. எங்க வீட்டுக்குப் பெரியவரு. உங்கள அடிக்க எனக்கு இன்னாண்ணே காரணம் இருக்கும்?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நிரஞ்சன் போனை நோண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். பரீட்சையில் தில்லுமுல்லு என்று தெரிந்தால் அவன் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவான்.

"ஒண்ணுமில்ல மேடம். காது கொஞ்சம் இரைச்சலா இருக்கு" என்றேன்.

மேடம் எனக்குப் புது அடைப்பான் கொடுக்கச் சொன்னார். கலைந்து போகும்போது ஒருவன், "நல்ல பையன் மேல பழி போடப் பாத்தாரு" என்றான். என் காதில் விழட்டும் என்றே சொன்னான்.

பலராமன் வாலின் அடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தலை இடிக்கப் போவுது, பாத்துப் போங்கண்ணே" என்றான். கையை, தலையை, தோளை நுழைத்து உள்ளே போனேன். விளக்கை எடுத்துவிட்டான். இருட்டில் ஆணியைத் தடவிக் கண்டுபிடித்து, இடது கையால் டாலியைத் தூக்கினேன். நான் இன்னும் தட்டவில்லை. அவன் அடித்தான்.